ஆராட்டுக்கு வழிவிடும் விமானங்கள்

பழவங்காடி கணபதி கோயில் வாசலில் தேங்காய் உடையும் சத்தம் ஓய்வதே இல்லை. காலையில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள், பகலில் கோர்ட்டுக்குப் போகும் கட்சிக்காரர்கள், மாலையில் பெட்டியும் சட்டியுமாக விமானம் ஏறப் போகிறவர்கள். பத்மநாபபுரத்திலிருந்து வந்த திருவிதாங்கூர் படைவீரர்கள் ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் இந்தக் கோயில் இன்றும் ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பராமரிப்பு. விக்கினம் தீர்ப்பவர் என்பதால் பயணம் புறப்படுகிறவர்களின் முதல் நிறுத்தம் இதுதான்.

அன்று மாலை வந்த வாடகைக் கார் நாகர்கோவில் வண்டி. டிக்கியில் கயிறு சுற்றிய அட்டைப் பெட்டி. அதன் மேல் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும். இறங்கிய இளைஞனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கூடவே அம்மா. தேங்காய்க் கடைக்காரர் தமிழர்தான். இங்கே பிழைக்க வந்து தலைமுறை கடந்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

"துபாயா, மஸ்கட்டா தம்பி?"

"தோஹா, அண்ணாச்சி. ராத்திரி ஃபிளைட்டு."

"அப்ப ரெண்டா உடைச்சிரு. முதல் தடவைதானே?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையசைத்தார்.

தேங்காய் சிதறுவதைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்கார ஜோடி. முதுகில் மூட்டை, கையில் தண்ணீர் பாட்டில். கிழக்கேகோட்டையில் கோவளம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துவிட்டு நடந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், அபுதாபி, தோஹா போன்ற ஓர் ஊரில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானத்தில்தான் வந்திருப்பார்கள். அவர்களைக் கொண்டுவந்து இறக்கும் விமானத்தில்தான், அதே இருக்கைகளில்தான், அட்டைப் பெட்டிக்காரர்கள் திரும்பிப் போகிறார்கள்.

இந்த நகரத்தின் சுற்றுலாத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அதற்குள் அடங்கிவிடுகிறது.

விமானம் வந்தால் சுற்றுலா வளரும், சுற்றுலா வளர்ந்தால் விமானம் வரும் என்று அரசு அறிக்கைகள் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோழியா முட்டையா என்ற வழக்கு இந்த ஊரில் சற்று வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே ஆள் பிள்ளையார் சுழி போட்டார்.

லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா. ஜி.வி. ராஜா என்றால்தான் மலையாளிகளுக்குத் தெரியும். மதுரைப் பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் சகோதரி கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயை மணந்து தலைநகருக்கு வந்தார். டென்னிஸ், கிரிக்கெட், மலையேற்றம் என்று எதிலும் ஆர்வம். எல்லாவற்றுக்கும் மேலாக விமானம் ஓட்டுவது. சங்குமுகம் கடற்கரையை ஒட்டி விமானத் தளம் உருவானதில் அவர் பங்கு பெரிது. அவர் பிறந்த அக்டோபர் 13ஐ கேரளம் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் அவரைச் சுற்றுலாவின் முன்னோடி என்றும் சொல்ல வேண்டும். கோவளம் என்ற மீனவக் குப்பத்தை உலகுக்குக் காட்டினால் ஆட்கள் வருவார்கள் என்று நம்பி, அதற்காக அலைந்தவர். 1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் மாண்டார்.

முதல் விமானம் 1935இல் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்து டாட்டா ஏர்லைன்ஸைத் தொடங்கியிருந்தார். அந்த நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத் விமானம் ஒன்று நெவில் வின்சென்ட் ஓட்ட, பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு மன்னருக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அதில் வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சல் தபாலோடு இங்கிருந்து பம்பாய்க்கு விமானம் புறப்பட்டது. மரச்சட்டமும் துணியுமாக இருந்த அந்தச் சின்ன விமானத்தில் பயணிகளுக்கு இடம் இரண்டோ மூன்றோதான். சுற்றுலா என்ற சொல்லையே யாரும் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

விமானத் தளம் எழுந்த இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பத்மநாப சுவாமி கோயிலிலிருந்து கடலுக்குப் போகும் வழி அது. ஆண்டுக்கு இரண்டு முறை சுவாமி சங்குமுகத்துக்கு ஆராட்டுக்குப் போவார். ஒன்று அல்பசி உற்சவம், மற்றொன்று பைங்குனி உற்சவம். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் புரிந்திருக்கும்: ஐப்பசி, பங்குனி. துலாம், மீனம் என்று மாதங்களைச் சொல்லும் மலையாள நாட்டில், இந்தக் கோயில் மட்டும் பழைய தமிழ் மாதப் பெயர்களை விடவில்லை.

ஓடுபாதை வந்த பிறகும் சுவாமி வழி மாறவில்லை. இன்றும் ஆராட்டு நாளில் மாலை நான்கு மணி வாக்கில் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. இரவு ஒன்பது வரை ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. விமானிகளுக்கு 'நோட்டாம்' என்ற முறையான அறிவிப்பு முன்கூட்டியே போய்விடும். உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் விமானமும் அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும். கோயிலின் மேற்கு வாசலில் புறப்படும் ஊர்வலம் வள்ளக்கடவு வழியாக விமான நிலையத்துக்குள் நுழைகிறது. உருவிய வாளோடு அரச குடும்பத் தலைவர் முன்னே நடக்க, கருட வாகனத்தில் பத்மநாபன், நரசிம்மர், கிருஷ்ணர். யானை, குதிரைப் போலீஸ், பாண்டு வாத்தியம். துப்பாக்கியோடு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் இருபுறமும் நிற்க, அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும் 3,398 மீட்டர் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து கடற்கரைக்குப் போகிறார்கள். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் அதே வழியில் திரும்புகிறார்கள். ஓடுபாதையில் ஒரு சிறு கல்லோ பூச்சரமோ கிடக்கவில்லை என்று உறுதி செய்த பிறகே விளக்குகள் விமானங்களுக்காக எரியும்.

இதைப் படம் பிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். ஓர் உற்சவத்துக்காக விமானத்தை நிறுத்துவது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. நிறுத்துவதைப் பார்க்கவே சிலர் விமானம் ஏறி வருகிறார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கோவளத்துக்கு ஆட்கள் வந்த கதை இந்த ஓடுபாதையோடு உடனே இணைந்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1930களில் கட்டிய ஹால்சியன் மாளிகை 1964இல் அரசின் கைக்கு வந்தது. அதன் பக்கத்துக் குன்றுச் சரிவில் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா ஒரு விடுதியை வடிவமைத்தார். 1969இல் தொடங்கி 1974 வரை வேலை நடந்தது. படிப்படியாகச் சரிவில் இறங்கும் அந்தக் கட்டடத்தில் எல்லா அறைகளிலிருந்தும் கடல் தெரியும். ஆனால் அப்போது கடற்கரையை நிறைத்தவர்கள் விடுதிக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் அல்லர், ஹிப்பிகள். ஐரோப்பாவில் ஒரு பழைய வேனையோ பஸ்ஸையோ பிடித்து, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து, கோவா வழியாகத் தெற்கே வந்தவர்கள். மீனவர் குடிசையில் ஒரு திண்ணை போதும் அவர்களுக்கு.

1979இல் அந்தத் தரைவழி அடைபட்டது. ஈரானில் புரட்சி, ஆண்டு முடிவதற்குள் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதற்குப் பிறகு ஐரோப்பியர் கோவளத்துக்கு வர ஆகாயம் ஒன்றுதான் வழி. வந்தவர்களின் குணமும் மாறியது. ஆறு மாதம் தங்கியவன் போய், பதினைந்து நாள் லீவில் வந்தவன் வந்தான். பதினைந்து நாளில் இரண்டு நாளைக்கூடப் பயணத்தில் தொலைக்க அவன் தயாராக இல்லை. விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் கடற்கரை என்பது கோவளத்தின் மிகப் பெரிய விளம்பரமாயிற்று. 1986இல் கேரள அரசு சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1989இல் 'கடவுளின் சொந்த நாடு' என்ற விளம்பர வாசகம் பிறந்தது. அந்த வாசகத்தைக் கேட்டு வந்தவர்களை இறக்கிவிட விமானம் ஏற்கெனவே இருந்தது.

அந்த விமானத்தை வரவழைத்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். 1970களின் இறுதியில் ஏர் இந்தியா இங்கிருந்து வளைகுடாவுக்குப் போயிங் 707 விமானங்களை விட்டது சுற்றுலாவுக்காக அல்ல. கொத்தனாரும் வெல்டரும் நர்ஸும் டிரைவரும் அந்த விமானங்களை நிறைத்தார்கள். டெல்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களுக்கு வெளியே முதன்முதலாக ஒரு விமான நிலையத்துக்கு 1991இல் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது என்றால் அது திருவனந்தபுரத்துக்கு. அவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. 2005 ஏப்ரல் 29 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதும் இங்கிருந்து அபுதாபிக்குத்தான்.

விமான நிறுவனத்தின் வியாபாரம் மீன் வியாபாரம் மாதிரி. சாயங்காலத்துக்குள் விற்காத மீனும், கதவு சாத்தும்போது காலியாக இருக்கும் இருக்கையும் ஒன்றே. நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. விடுதி அறையும் அப்படித்தான். சுற்றுலாப் பயணி நவம்பரிலிருந்து மார்ச் வரை வருவார்; மழைக்காலத்தில் திரும்பிப் பார்க்க மாட்டார். அவரை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் ஆண்டு முழுக்கத் தினசரி விமானம் விடாது. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் போகவர ஆள் வேண்டும். அந்த ஆளை வளைகுடா கொடுத்தது. அவர் கொடுத்த டிக்கெட் காசில்தான் சுற்றுலாக்காரருக்கும் வண்டி ஓடுகிறது. விண்வெளி மையத்து விஞ்ஞானிகளும், 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கின் கணிப்பொறிக்காரர்களும் உள்நாட்டு விமானங்களுக்கு இதே உபகாரத்தைச் செய்கிறார்கள்.

இதற்கு எதிர்மாறான உதாரணம் ஒரு மணி நேரச் சொச்சப் பறத்தலில் இருக்கிறது. மாலத்தீவு. அங்கே 1972இல் சுற்றுலா தொடங்கியது. 1981இல் மாலேக்குப் பக்கத்தில் சர்வதேச விமான நிலையம் வந்தது. சுற்றுலாதான் விமானத்தை வரவழைத்தது, விமானம்தான் சுற்றுலாவை வளர்த்தது. வேறு வழியும் இல்லை, சுற்றிலும் கடல். ஆனால் திருவனந்தபுரத்துக்கும் மாலேக்கும் நடுவில் இந்தியன் ஏர்லைன்ஸ் 1970களில் விடத் தொடங்கிய விமானத்தை நிறைத்தது மறுபடியும் வேறு கூட்டம். மருத்துவத்துக்காக இங்கே வரும் மாலத்தீவுக்காரர்கள். மருத்துவக் கல்லூரிப் பகுதியில் வீடு எடுத்துத் தங்கி, பிள்ளைகளைப் படிக்கவும் வைக்கிறார்கள். மருத்துவச் சுற்றுலா என்று அதற்குப் பெயர் வைப்பதற்கு வெகு முன்பே அது நடந்துகொண்டிருந்தது.

அந்த வழித்தடத்தில் ஒரு விபரீதமும் நடந்தது. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது விமானங்கள் ரத்தாயின. ஊர் திரும்ப முடியாமல் இங்கே மாட்டிக்கொண்ட ஒரு மாலத்தீவுப் பெண் விசா நீட்டிப்புக் கேட்கப் போனார். இஸ்ரோ உளவு வழக்கு அங்கே தொடங்கியது. ஆதாரம் எதுவும் இல்லை என்று 1996இல் சிபிஐ சொன்னது. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு ரூ. 50 லட்சம் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. ஒரு விமானம் பறக்காமல் போனதால் எத்தனை வாழ்க்கைகள் திசை மாறும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

வளைகுடாப் பயணியை வைத்து விமானக் கம்பெனியே கண்டவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். தகியுதீன் வாஹித், திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலையை அடுத்த ஓடயத்துக்காரர். பம்பாயில் வளைகுடாவுக்கு ஆட்களை அனுப்பும் டிராவல் ஏஜென்ஸி நடத்தினார். ஆகாயம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதும் 1992இல் ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸைத் தொடங்கி இந்தியன் ஏர்லைன்ஸின் நாற்பதாண்டு ஏகபோகத்துக்குப் போட்டியாக நின்றார். முதல் விமானம் பம்பாயிலிருந்து கொச்சிக்குப் போனது. 1995 நவம்பரில் பம்பாயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே கம்பெனியும் நின்றது.

வளைகுடாப் பணம் கோவளத்துக்கும் வந்தது. கொரியா வடிவமைத்த அந்த விடுதியை 2002இல் மத்திய அரசு விற்றபோது வாங்கியவர் ஓமானில் தொழில் நடத்திய ஒரு மலையாளியின் குழுமம். நடுவில் லீலா குழுமத்தின் கைக்குப் போய், 2011இல் பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட ரவி பிள்ளையின் குழுமத்துக்கு வந்தது. வேலைக்குப் போன விமானத்தில் திரும்பி வந்த பணம், உல்லாசத்துக்கு வருபவர் தங்கும் கட்டடத்தை வாங்கியிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் திருவனந்தபுரம் பின்தங்கியது. 1985இல் ஜெர்மனியின் காண்டோர் நிறுவனம் கோவாவுக்கு சார்ட்டர் விமானம் விட்டதைப் பார்த்து, 1990களில் பிரிட்டனிலிருந்து இங்கேயும் சார்ட்டர்கள் வந்தன. டிக்கெட், அறை, காலைச் சிற்றுண்டி எல்லாம் ஒரே விலையில். ஒரு விமானம் இறங்கினால் கோவளத்தில் நூற்றுக்கணக்கான படுக்கைகள் பதினைந்து நாளுக்கு நிறையும். டாக்ஸிக்காரர், தையல்காரர், எண்ணெய் தடவுபவர், மீன் வறுப்பவர் எல்லோருக்கும் அந்தக் கிழமை தெரியும். ஆனால் சார்ட்டர் கம்பெனிக்கு ஊர்ப்பாசம் கிடையாது. எகிப்திலோ தாய்லாந்திலோ படுக்கை மலிந்தால் அங்கே திரும்பிவிடும். திரும்பியும் விட்டது. கோவாவுக்கு இதே பாடம் 2019 செப்டம்பரில் கிடைத்தது. லண்டனில் தாமஸ் குக் திவாலானபோது அரபிக் கடலோரத்தில் அறைகள் காலியாயின.

அடுத்த அடி பக்கத்திலிருந்தே விழுந்தது. 1999இல் நெடும்பாசேரியில் கொச்சி விமான நிலையம் திறந்தது. கொச்சிக் கோட்டை, ஆலப்புழை படகு வீடு, மூணாறு, தேக்கடி எல்லாவற்றுக்கும் அதுவே பக்கம். பயணி அங்கே இறங்கி, ஒரு வாரம் சுற்றிவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் கோவளம் வருவார். வெளிநாட்டவர் வருகையில் எர்ணாகுளம் முதலிடத்துக்கும் திருவனந்தபுரம் அதற்கு அடுத்த இடத்துக்கும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மலையோ கடலோ அழகில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறங்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

கொச்சிக்கும் அதன் பலவீனம் தெரிந்தது. 2018 ஆகஸ்ட் 15 முதல் இரண்டு வாரம் வெள்ளத்தால் நெடும்பாசேரி மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி மூணாறில் பூத்த ஆண்டு அது. விடுதிகளில் அறைகள் முன்கூட்டியே பதிவாகியிருந்தன. பூ பூத்தது; பார்க்க வேண்டியவர்கள் டிக்கெட்டை ரத்து செய்திருந்தார்கள்.

அதையெல்லாம் சில்லறையாக்கியது கொரோனா. 2019இல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 11.9 லட்சம். 2021இல் சுமார் 60 ஆயிரம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் 27 அன்றுதான் முழுமையாகத் திரும்பின. அந்த இரண்டாண்டில் கோவளத்துக் கலங்கரை விளக்கக் கடற்கரையில் சாத்திய கடைகளைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. உள்நாட்டுப் பயணிகள் 2022லேயே பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். 2023இல் இரண்டு கோடியையும் கடந்தார்கள். வெளிநாட்டவரோ 2023இல் ஆறரை லட்சம்தான். உள்நாட்டுக்காரரில் பெரும்பாலோர் ரயிலிலும் காரிலும் வேனிலும் வருபவர்கள். வானத்தை நம்பிய தொழிலுக்கு ஆபத்துக் காலத்தில் கை கொடுத்தது தரை.

இதற்கிடையே விமான நிலையத்தின் சொந்தக் கதையும் மாறியது. தனியாருக்குக் கொடுப்பதற்கான ஏலத்தில் 2019இல் பயணி ஒருவருக்கு ரூ. 168 தருவதாக அதானி குழுமம் கேட்டது. மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் கேட்டது ரூ. 135. அரசியல், வழக்கு எல்லாம் முடிந்து 2021 அக்டோபர் 14 அன்று ஐம்பதாண்டுக் குத்தகைக்கு நிலையம் கைமாறியது. கவனிக்க வேண்டியது அந்த ஏலத்தின் முறை. பயணியின் தலையை எண்ணித்தான் பணம். ஆகவே நிலையத்துக்கு நிறையத் தலைகள் வேண்டும். ஒவ்வொரு தலையிலிருந்தும் வசூலும் வேண்டும். 2024 ஜூலையிலிருந்து இங்கே விமானம் ஏறும் உள்நாட்டுப் பயணியின் உபயோகக் கட்டணம் ரூ. 770 ஆயிற்று. இறங்குபவருக்கும் ரூ. 330 விதித்தார்கள். சர்வதேசப் பயணிக்கு இதைப் போல் இரு மடங்கு. இந்த உபயோகக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. பதினைந்து நாள் உல்லாசத்துக்கு வருபவருக்கு அது காபிக் காசு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருபவருக்கு அப்படியில்லை.

டிக்கெட் விலை இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். பள்ளி விடுமுறை, ஓணம், கிறிஸ்துமஸ் வந்தால் வளைகுடாக் கட்டணம் தென்னை உயரத்துக்கு ஏறும். இந்தியாவுக்கும் துபாய்க்கும் நடுவில் வாரத்துக்கு இத்தனை இருக்கை என்று இரு நாட்டு ஒப்பந்த வரம்பு உண்டு. 2014இல் அதைச் சுமார் 66 ஆயிரமாகக் கூட்டினார்கள். மேலும் திறந்துவிடு என்கிறது துபாய். உள்ளூர் நிறுவனங்கள் வளர வேண்டும் என்கிறது டெல்லி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் டிசம்பரில் சுற்றுலாப் பயணியும் தொழிலாளியும் ஒரே இருக்கைக்கு மோதும்போது யார் ஜெயிப்பார்கள் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். 2018 டிசம்பரில் திறந்த கண்ணூர் விமான நிலையத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் இறங்க அனுமதியே இல்லாமல், ஓடுபாதை இருந்தும் ஆட்கள் கோழிக்கோட்டுக்கு ஓடிய கதை தனி.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் ஆகாய வழியாக வருபவர் இறங்குவது பெரும்பாலும் இங்கேதான். சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் தெற்கே போனால் முக்கடல். வருகைக் கணக்கு தமிழ்நாட்டுக்கு, விமானக் கணக்கு கேரளத்துக்கு. நாகர்கோவிலிலிருந்து தோஹாவுக்குப் போகும் தம்பியும் பழவங்காடியில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகிறான்.

சென்ற ஆண்டுகளில் இந்த நிலையத்துக்கு வந்தவற்றிலேயே பிரபலமான விருந்தாளி எந்தப் பயணியையும் கொண்டுவரவில்லை. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் ஒன்று அவசரமாக இங்கே இறங்கி, கோளாறாகி, ஐந்து வாரத்துக்கு மேல் இங்கேயே நின்றது. கேரள சுற்றுலாத் துறை சும்மா இருக்கவில்லை. இந்த இடத்தை விட்டுப் போகவே மனமில்லை என்று அந்த விமானமே ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டுவது போல விளம்பரம் போட்டது. ஜூலை 22 அன்று விமானம் போய்விட்டது. விளம்பரம் உலகம் சுற்றியது. இவ்வளவு மலிவாகக் கேரளத்துக்கு விளம்பரம் கிடைத்தது அபூர்வம்.

சங்குமுகத்தில் இப்போது கடலும் பேச்சுவார்த்தைக்கு வருகிறது. உள்நாட்டு முனையம் கடற்கரைப் பக்கம், சர்வதேச முனையம் எதிர்ப்பக்கம் சாக்கையில், நடுவில் ஓடுபாதை. கடற்கரைச் சாலையை 2018லிருந்தே மழைக்காலம்தோறும் அலை கடித்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் சாலையே விழுந்தது. நிலத்தடிச் சுவர் இறக்கிக் கட்டி மறுபடி திறந்தார்கள். பக்கத்து வலியதுறையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஒரு பழைய சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. முனையத்துக்குப் போகும் சாலைக்குக் கிடைத்த வேகம் அவர்கள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. ஓடுபாதையை ஒட்டிய வள்ளக்கடவில் நிலையத்தின் விரிவுக்காக வீடுகளைக் கையகப்படுத்தும் பேச்சு பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. பயணிகள் கூட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நகர வேண்டியவர்கள் மட்டும் எப்போதும் அதே ஆட்கள்.

மாலையில் கானாயி குஞ்ஞிராமன் வடித்த சாகர கன்னிகைச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா வேன் நின்றது. தென்காசிப் பதிவு எண். காலையில் பத்மநாப சுவாமி தரிசனம், மதியம் மிருகக்காட்சி சாலை, இப்போது கடற்கரை. ராத்திரி சுசீந்திரம் போகிறார்களாம். பாட்டியிலிருந்து பேரன் வரை பதினாறு பேர், ஒருவர்கூட இதுவரை விமானம் ஏறியதில்லை. திடீரென்று தலைக்கு மேல் இரைச்சல். சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒரு விமானம் தென்னை மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த பாட்டி அதைச் சற்று நிறுத்திவிட்டு, "அடுத்தது எப்ப வரும்னு கேளுடா" என்றார்.